மேல் வீட்டு மழை, கீழ் வீட்டு வெள்ளம்

பொய் சொல்லிப் பணக்கார வீட்டுக்குள் நுழையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. சிரிக்கவைத்துத் தொடங்கி ரத்தத்தில் முடியும் கொரியப் படம் 'பாரசைட்', பணத்தைப் பற்றிச் சொல்லும் உண்மைகள் சுகமானவை அல்ல.

அந்த வீட்டில் மிக உயரமான இடத்தில் இருப்பது கழிப்பறை. வீடே சாக்கடைக் குழாயைவிடத் தாழ்வாக இருப்பதால் மேடை கட்டி அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வீடெங்கும் அலைகிறார்கள். அக்கம்பக்கத்து வை-ஃபை இணைப்பு கடைசியில் அந்தக் கழிப்பறை மேடையில்தான் சிக்குகிறது. ஜன்னல், தெருவின் மட்டத்தில் இருக்கிறது. குடித்துவிட்டு வருபவர்கள் அதன் ஓரமாக நின்று சிறுநீர் கழிக்கிறார்கள். தெருவில் பூச்சிமருந்துப் புகை அடிக்க வரும்போது ஜன்னலை மூட வேண்டாம் என்கிறார் அப்பா. இலவசமாக வீட்டுப் பூச்சிகளும் சாகட்டுமே என்ற கணக்கு. புகை உள்ளே வருகிறது. குடும்பமே இருமுகிறது. அப்பா மட்டும் பீட்சா அட்டைப் பெட்டிகளை விடாமல் மடித்துக்கொண்டிருக்கிறார்.

தென் கொரிய டைரக்டர் போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' இப்படித்தான் தொடங்குகிறது. பெயருக்கு அர்த்தம் ஒட்டுண்ணி. 2019 மே மாதம் கேன்ஸ் விழாவில் தங்கப் பனை விருதை வென்ற முதல் கொரியப் படம் இது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஹாலிவுட்டின் கோட்டைக்குள்ளேயே புகுந்து சிறந்த படம், டைரக்டர், திரைக்கதை, சர்வதேசப் படம் என நான்கு ஆஸ்கர்களை அள்ளியது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது அதுவே முதல் முறை. கொரியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். விருதுகளின் ஆரவாரம் அடங்கிய பிறகும் படம் மறக்கப்படவில்லை. அது கிளறிய கேள்விகளும் அடங்கவில்லை.

கதை எளிமையானது. கிம் குடும்பத்தில் நான்கு பேர், நால்வருக்கும் வேலையில்லை. மகன் கி-வூ கல்லூரி நுழைவுத் தேர்வில் நான்கு முறை தோற்றவன். வெளிநாடு போகும் கல்லூரி நண்பன் ஒருவன் தான் டியூஷன் எடுத்துவந்த பணக்கார வீட்டுப் பெண்ணை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். தங்கை கம்ப்யூட்டரில் போலிச் சான்றிதழ் தயாரிக்கிறாள். இதை மோசடியாக நினைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்கிறான் மகன். அடுத்த ஆண்டு எப்படியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரத்தானே போகிறேன், சான்றிதழை மட்டும் கொஞ்சம் முன்னதாக அச்சடித்துக்கொண்டேன் என்பது அவன் வாதம். படத்தின் விஷ விதை இந்த வாதத்தில் இருக்கிறது. அவனைப் பொறுத்தவரை பொய் என்பது வரப்போகும் நல்ல காலத்தின் மீது வாங்கிய முன்பணம்.

ஐ.டி. கம்பெனி அதிபர் பார்க்கின் மாளிகைக்குள் மகன் நுழைந்த பிறகு மற்றவர்கள் வரிசையாக வருகிறார்கள். தங்கை, அமெரிக்காவில் படித்த ஓவிய ஆசிரியையாக. அப்பா, அனுபவமுள்ள டிரைவராக. அம்மா, வீட்டு நிர்வாகியாக. ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் போல நடிக்கிறார்கள். இடம் காலியாக வேண்டுமே? பழைய டிரைவர் மீது காருக்குள் கிடந்த ஓர் உள்ளாடையால் பழி விழுகிறது. பல ஆண்டுகளாக அந்த வீட்டைக் கவனித்துவந்த மூன்-க்வாங் என்ற பெண்ணுக்குப் பீச் பழம் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பழத்தின் தோல் துகளைத் தூவி இருமவைத்து, அவளுக்குக் காசநோய் என்று நம்பவைத்துத் துரத்துகிறார்கள். ஒரு கடிகாரத்தின் பல் சக்கரங்கள் போலக் கச்சிதமாக ஓடும் இந்தப் பகுதியில் தியேட்டரே சிரிக்கிறது. துரத்தப்பட்டவர்களும் இவர்களைப் போன்ற ஏழைகள்தான் என்பது அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

ஆஸ்கர் கிடைத்த சூட்டோடு, இந்தக் கதை எங்களுடையது என்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கே.எஸ். ரவிகுமார் இயக்கி விஜய் நடித்த 'மின்சார கண்ணா' (1999) படத்தின் உரிமையை வைத்திருந்த தயாரிப்பாளர் பி.எல். தேனப்பன், 'பாரசைட்' மீது வழக்குத் தொடரப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவித்தார். அந்தப் படத்திலும் கதாநாயகனின் குடும்பத்தினர் உறவை மறைத்து ஒரு பணக்கார வீட்டில் ஆளுக்கொரு வேலையில் சேர்கிறார்கள். சமூக ஊடகங்களில் சில நாட்களுக்குக் கேலியும் பெருமையும் கலந்து பொழிந்தன.

ஒப்பீடு அபத்தமானது என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதில் வேறொரு பாடம் இருக்கிறது. பணக்கார வீட்டுக்குள் வேஷம் போட்டு நுழைவது இந்திய சினிமாவுக்குப் பழகிய தந்திரம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) வேலை இழந்த அசோக், நண்பனுக்கு முதியவர் வேஷம் போட்டுக் கோடீஸ்வரத் தந்தையாக அழைத்துவருகிறான். ரிஷிகேஷ் முகர்ஜியின் 'சுப்கே சுப்கே'யில் (1975) தாவரவியல் பேராசிரியர் தர்மேந்திரா டிரைவராக வருகிறார். அதே டைரக்டரின் 'பவார்ச்சி'யில் (1972) சமையல்காரர் ராஜேஷ் கன்னா படித்த மேதை. வேஷம் கலையும்போது இந்தப் படங்களில் சிரிப்பு வரும், கல்யாணம் நடக்கும், குடும்பம் ஒன்றுசேரும். ஏனென்றால் டிரைவர் வேஷத்துக்குள் இருப்பவர் பேராசிரியர். கோடீஸ்வரன் வேஷம் போட்ட நண்பன் உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. 'மின்சார கண்ணா'விலும் நுழைவதன் நோக்கம் காதல். கூலிக்காக யாரும் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

போங்கின் படத்தில் டிரைவர் வேஷத்துக்குள் இருப்பவர் வேலையில்லாத ஒரு டிரைவர். வேலைக்காரி வேஷத்துக்குள் இருப்பவர், வேலைக்காரியாகவாவது ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கியவர். வேஷம் கலைந்தால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரே ஓர் இடம்தான் உண்டு, தெருவுக்குக் கீழே இருக்கும் அந்த அறை. தந்திரம் ஒன்றுதான். ஆனால் அது ஓரிடத்தில் நகைச்சுவையாகவும் இன்னோரிடத்தில் கொலைக் கதையாகவும் முடிவதற்கான காரணம் இதுதான்.

அந்த அறைக்கு கொரிய மொழியில் 'பன்ஜிஹா' என்று பெயர், அதாவது பாதி நிலத்தடி. அது டைரக்டரின் கற்பனை அல்ல. 1968-ல் வட கொரிய கமாண்டோக்கள் சியோலில் ஜனாதிபதி மாளிகையை நெருங்கும் அளவுக்கு ஊடுருவினார்கள். அந்தப் பதற்றம் தணியாத நிலையில் 1970-ல் கட்டடச் சட்டம் திருத்தப்பட்டது. போர் வந்தால் பதுங்கிக்கொள்ளப் புதிய கட்டடங்களில் நிலவறை வேண்டும் என்றது அரசு. அதை வாடகைக்கு விடுவது அப்போது சட்ட விரோதம். ஆனால் தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த கூட்டம் பெருகிக்கொண்டே போனது, வீடு கிடைக்கவில்லை. 1980-களில் அரசு விதியைத் தளர்த்தியது. குண்டுக்கு பயந்து தோண்டிய குழி ஏழைகளின் வசிப்பிடமானது. 2020-ல் சியோல் நகரில் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் இருந்தன. நகரத்தின் மொத்தக் குடும்பங்களில் சுமார் 5 சதவிகிதம் இது.

இந்த வரலாறு தெரிந்தால் படத்தின் நடுவில் வரும் அதிர்ச்சிக்கு இன்னொரு ஆழம் கிடைக்கிறது. எஜமானர்கள் வெளியூர் போன மழை இரவில் கிம் குடும்பம் மாளிகைக் கூடத்தில் விருந்து கொண்டாடுகிறது. அப்போது அழைப்பு மணி ஒலிக்கிறது. வெளியே நனைந்தபடி நிற்பவள் துரத்தப்பட்ட மூன்-க்வாங். அவள் சமையலறை அலமாரியை நகர்த்த, கீழே ஒரு படிக்கட்டு. அதன் அடியில் ஒரு பாதாள அறை. அங்கே அவளுடைய கணவன் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடன்காரர்களுக்கு பயந்து ஒளிந்திருக்கிறான். வட கொரியத் தாக்குதல் வந்தால் தப்பிக்கக் கட்டிய அறை அது. பார்க் குடும்பத்துக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. ஒரே பயம் ஏழைக்குப் பன்ஜிஹாவையும் பணக்காரனுக்கு ரகசிய அறையையும் கட்டித் தந்திருக்கிறது. இரண்டிலும் கடைசியில் குடியிருப்பது ஏழைதான்.

இங்கிருந்து படம் எதிர்பார்த்த திசையில் போவதில்லை. பொறாமை பற்றிய கதை என்றால் கீழே இருப்பவன் மேலே இருப்பவனை வெறுக்க வேண்டும். இந்தப் படத்தில் அப்படி யாருமில்லை. பார்க் தம்பதி நல்லவர்கள் என்கிறார் டிரைவர் கி-தேக். பணம் இருந்தால் நானும் நல்லவள்தான், பணம் எல்லாச் சுருக்கத்தையும் நீக்கிவிடும் இஸ்திரிப்பெட்டி என்று இடைமறிக்கிறாள் அவர் மனைவி. பாதாள அறை மனிதனோ பார்க்கைக் கிட்டத்தட்ட தெய்வமாக வழிபடுகிறான். அவர் மாடிப்படி ஏறும்போது விளக்கு எரிவது தானியங்கி ஏற்பாடு என்று அந்த வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் கீழே ஒருவன் தலையால் சுவிட்சை முட்டிக்கொண்டிருக்கிறான்.

இரண்டு ஏழைக் குடும்பங்களும் கைகோக்கும் என்று ரசிகர் நினைக்கும் கணம் ஒன்று வருகிறது. மூன்-க்வாங், அம்மாவை அக்கா என்றழைத்துக் கெஞ்சுகிறாள். அம்மா மறுக்கிறாள், போலீசுக்குச் சொல்வேன் என்கிறாள். அடுத்த நிமிடம் குடும்ப ரகசியம் அம்பலமாகி, மூன்-க்வாங்கின் கையில் ஒரு வீடியோ ஆயுதமாக மாறுகிறது. மேலே மூன்று கார் நிறுத்தும் அளவுக்கு இடம் இருக்க, கீழே ஒரு பாதாள அறைக்காக நான்கு பேரும் இரண்டு பேரும் உருண்டு புரள்கிறார்கள். பாதாள அறை மனிதனைக் கடனில் தள்ளியது கொரியாவில் திடீரென்று பெருகித் திடீரென்று மூடப்பட்ட தைவான் கேக் கடைகளில் ஒன்று. கி-தேக் குடும்பமும் அதே கேக் மோகத்தில் கையைச் சுட்டுக்கொண்டதுதான். ஒரே பள்ளத்தில் விழுந்தவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறப் பார்க்கிறார்கள். பொறாமை மேல்நோக்கிப் பாய்வதில்லை, பக்கவாட்டில்தான் பாய்கிறது என்பது இந்தப் படம் சொல்லும் முதல் கசப்பு.

இரண்டாவது கசப்பு, வாசனை. பேச்சை மாற்றிக்கொள்ளலாம், உடையை மாற்றிக்கொள்ளலாம், சான்றிதழையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டிரைவர், வேலைக்காரி, ஓவிய ஆசிரியை என மூவரிடமும் ஒரே வாடை வருவதைச் சின்னப் பையன் கண்டுபிடித்துவிடுகிறான். வேறு வேறு சோப்புப் போடலாமா என்று யோசிக்கிறார் அப்பா. அது சோப்பு இல்லை, நிலவறையின் வாடை, இங்கிருந்து வெளியேறினால்தான் போகும் என்கிறாள் மகள். பார்க் தன் டிரைவரைப் பற்றி மனைவியிடம் சொல்லும்போது அவர் எல்லை மீறாதவர் என்று பாராட்டுகிறார். அந்த வாடை மட்டும் எல்லை மீறிப் பின்சீட்டுக்கு வந்துவிடுகிறதாம், சுரங்க ரயிலில் போகிறவர்களிடம் வருவது போன்ற ஒரு வாடை. மேஜைக்கு அடியில் ஒளிந்து கிடக்கும் கி-தேக் இதைக் கேட்கிறார். சட்டையின் கழுத்தை இழுத்து முகர்ந்து பார்த்துக்கொள்கிறார்.

சோங் காங்-ஹோ என்ற பெரிய நடிகரின் முகத்தில் அந்தக் கணத்திலிருந்து ஏதோ ஒன்று இறுகத் தொடங்குகிறது. வசனம் இல்லை, ஆவேசம் இல்லை. வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட் வைத்திருக்கும் அடுக்குமாடிகளின் நாட்டில், வீட்டு வேலை செய்பவருக்குத் தனி டம்ளர் எடுத்துவைக்கும் சமையலறைகளின் நாட்டில், இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவையில்லை.

அதே இரவில் பெய்யும் மழைதான் படத்தின் உச்சம். மாளிகையிலிருந்து தப்பும் அப்பாவும் பிள்ளைகளும் கொட்டும் மழையில் படிகளில் இறங்குகிறார்கள். இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தெரு, சுரங்கப்பாதை, மறுபடி படிகள். தண்ணீரும் அவர்களோடு கூடவே இறங்குகிறது. வீடு போய்ச் சேரும்போது மார்பளவு சாக்கடை. கறுப்பு நீரைக் கக்கும் கழிப்பறையின் மூடியை அழுத்தி அதன்மேல் உட்கார்ந்து மகள் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறாள். மேலே மாளிகைத் தோட்டத்தில் பார்க் வீட்டுப் பையன் பொம்மைக் கூடாரத்தில் தூங்குகிறான். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கூடாரம், ஒரு சொட்டு நீர் உள்ளே இறங்கவில்லை. மறுநாள் உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் கண்விழித்து வேலைக்கு வரும் டிரைவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மழை பெய்து தூசெல்லாம் போய்விட்டது, பார்ட்டிக்கு அருமையான நாள் என்று தொலைபேசியில் மகிழ்கிறாள் எஜமானி. ஜன்னலையும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொள்கிறாள்.

இந்தத் தெருவும் மாளிகையும் படத்துக்காகக் கட்டிய செட்டுகள்தான். தெரு முழுவதையும் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் அமைத்து மூழ்கடித்தார்கள். ஆனால் செட் இல்லாமலே அந்தக் காட்சி ஒருமுறை நடந்தது. 2022 ஆகஸ்ட் 8-ம் தேதி இரவு சியோலில் பெய்த பெருமழையில், சில்லிம் வட்டாரத்தில் ஒரு பன்ஜிஹாவுக்குள் வெள்ளம் புகுந்தது. நீரின் அழுத்தத்தில் கதவு திறக்கவில்லை. இரண்டு சகோதரிகளும் ஒருவரின் 13 வயது மகளும் உள்ளேயே இறந்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சாவை விளக்கின. இனிப் புதிய பன்ஜிஹாக்களுக்கு அனுமதி இல்லை, இருப்பவை 10 முதல் 20 ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்கப்படும் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அங்கே குடியிருப்பவர்கள் அதே வாடகையில் வேறெங்கே போவார்கள் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. படம் உலகப் புகழ் பெற்று இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் அந்தப் படம் எடுக்கப்பட்ட தெருக்கள் சுற்றுலாப் பயணிகள் நின்று புகைப்படம் எடுக்கும் இடங்களாகியிருந்தன.

முரண்பாடு படத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. சமூகவியல் படித்தவரான போங், மாணவப் பருவத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தவர். தோழி ஒருத்தியின் சிபாரிசில்தான் உள்ளே போனார். அந்த வீட்டைக் கண்டு வியந்த நாட்களில்தான் இந்தக் கதையின் வித்து விழுந்தது. ஆனால் பணத்தைக் கேள்வி கேட்கும் இந்தப் படத்துக்குப் பணம் வந்தது கொரியாவின் பெரும் தொழில் குழுமங்களில் ஒன்றான சி.ஜே.யிடமிருந்து. ஆஸ்கர் மேடையில் படத்தின் சார்பில் பேசிய மிக்கி லீ, சாம்சங் நிறுவனரின் பேத்தி. முந்தைய ஜனாதிபதி பார்க் குன்-ஹே ஆட்சியின் ரகசியக் கறுப்புப் பட்டியலில் போங், சோங் காங்-ஹோ இருவரின் பெயரும் இருந்தன. மிக்கி லீயும் அந்த ஆட்சியின் நெருக்கடிக்கு ஆளானவர். யார் யார்மீது ஒட்டி வாழ்கிறார்கள் என்ற படத்தின் கேள்வியிலிருந்து படத்தைத் தயாரித்தவர்களும் தப்ப முடியாது.

ஏழைகளைப் பொய்யர்களாகவும் பணக்காரர்களை அப்பாவிகளாகவும் காட்டுகிறதே படம் என்று ஒரு குறை சொல்லப்படலாம். ஓரளவு நியாயமான குறைதான். பார்க் யாரையும் சுரண்டுவதாகப் படத்தில் காட்சியே இல்லை. சம்பளம் ஒழுங்காகத் தருகிறார், குரலை உயர்த்துவதில்லை. ஆனால் போங் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்த வழி இது. எஜமானன் கொடியவனாக இருந்திருந்தால் குற்றம் அவன் குணத்தின்மேல் விழுந்திருக்கும், ரசிகர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். நல்ல எஜமானனின் வீட்டிலும் இந்த ரத்தம் சிந்தப்படுகிறது என்றால், தவறு மனிதர்களின் குணத்தில் மட்டும் இல்லை.

பிறந்தநாள் பார்ட்டியில் பாதாள அறை மனிதன் கத்தியோடு மேலே வருகிறான். மகள் குத்தப்பட்டுச் சரிகிறாள். பார்க்குக்கு வேண்டியது கார் சாவி, மயங்கி விழுந்த தன் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாவி அந்தப் பாதாள மனிதனின் உடலுக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுக்கும்போது பார்க் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். மகளின் காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருக்கும் கி-தேக் அதைப் பார்க்கிறார். எழுந்துபோய்ப் பார்க்கின் நெஞ்சில் கத்தியை இறக்குகிறார். சற்று முன்பு தன் மகளைக் குத்தியவனுக்காக அல்ல, அவனுடைய வாடைக்காக. பக்கவாட்டில் மட்டுமே பாய்ந்துவந்த கோபம் மேலே பாயும் ஒரே தருணம் அது. அதனால் எதுவும் மாறுவதில்லை. கொலை செய்தவர் அதே பாதாள அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார். வீட்டை வேறு ஒரு பணக்காரக் குடும்பம் வாங்குகிறது. இப்போது விளக்கை அணைத்து எரியவைப்பவர் கி-தேக், மோர்ஸ் குறியீட்டில் மகனுக்கு எழுதும் கடிதம் அது.

மகன் பதில் எழுதுகிறான். நிறைய சம்பாதிப்பேன், அந்த வீட்டை வாங்குவேன், நீங்கள் படியேறி வந்தால் போதும் அப்பா. திரையில் அவன் அந்த வீட்டை வாங்கிவிடுகிறான், தோட்டத்தில் வெயில் அடிக்கிறது, அப்பா மேலே வருகிறார், கட்டிக்கொள்கிறார்கள். இங்கேயே படம் முடிந்திருந்தால் அது 'மின்சார கண்ணா'வின் உறவுக்காரப் படமாகியிருக்கும். ஆனால் கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது. இரவு. பனி. அதே பாதி நிலத்தடி அறை, அதே ஜன்னல். மகன் அனுப்ப முகவரியில்லாத கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறான். போலிச் சான்றிதழை முன்பணம் என்று நம்பிய பையன், இப்போது தனக்குத்தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்கிறான். சராசரிக் கொரியச் சம்பளத்தில் அந்த வீட்டை வாங்க எத்தனை காலம் ஆகும் என்று படக்குழு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. விடை 500 ஆண்டுகளுக்கும் மேல்.